உருக்குத் தகட்டின் உட்குறை

சந்தையிலே மண்பானை வாங்கும் பெண்டிர் அதனை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிச் செவிசாய்த்துக் கேட்டபின்னரே விலை பேசத் தொடங்குவர். கணீரென்று ஒலித்தால் பானை நன்று. கரகரவென்றால் எங்கோ கீறல் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத கீறலைக் காது கண்டுகொள்ளுகின்றது. எம் அன்னையார் இவ்வாறு தட்டித் தட்டிப் பத்துப் பானைகளை ஒதுக்கிப் பதினோராவதை எடுக்கக் குயவர் முகஞ்சுளித்து நின்றதை யாம் சிறுவயதிற் பலமுறை கண்டதுண்டு. பிற்காலத்தில் எமது பிழைப்பும் அதுவேயாகும் என்று அன்று எவரேனும் கூறியிருப்பின் நகைத்திருப்போம்.

நமது கல்லூரி மலருக்குப் பழைய மாணாக்கர் என்னும் உரிமையில் ஏதேனும் எழுதியனுப்புமாறு ஆசிரியர் குழுவினர் பணித்தபோது, எதை எழுதுவது என்று சில நாள் திகைத்தோம். காவியச் சுவையையும் சரித்திர ஆராய்ச்சியையும் எழுத வல்லார் நம்மிடையே பலர் உளர். யாம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகியறிந்த பொருள் ஒன்றே. அஃது உருக்குத் தகடு. கவிதைகளுக்கும் கதைகளுக்கும் நடுவே இவ்விரும்புச் சுமை வந்து விழுந்தமையை வாசகர் பொறுத்தருள்வாராக.

1978-ஆம் ஆண்டில் யாம் இக்கல்லூரியிற் பௌதிக சாஸ்திரத்திற் பட்டம் பெற்று வெளிப்போந்தோம். நீர் நிறைந்த நெடிய கண்ணாடிக் குழாயின் வாயில் அதிரும் இசைக்கவையைப் பிடித்து, நீர்மட்டத்தை ஏற்றியும் இறக்கியும், ஒலி திடீரெனப் பெருகும் இடத்தைக் குறித்து, காற்றில் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்ட பிற்பகல்கள் இன்றும் பசுமையாக நினைவில் உள்ளன. வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வரவேண்டும். எமது கணக்கில் ஒருமுறை 410 வந்தது. ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைச் சற்றே தாழ்த்தி, "தம்பி, குழாயில் காற்றுக்குப் பதில் வேறு வாயுவை அடைத்துவிட்டாயோ?" என்று வினவினார். அளந்ததை எழுதாமல் அவசரத்தில் ஊகித்து எழுதினோம் என்பதை அவர் கண்டுகொண்டார் என்பது எமக்கும் தெரியும். அந்தச் சிறு நிகழ்ச்சியை இங்குக் கூறுவதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

சில ஆண்டுகள் அங்குமிங்கும் அலைந்தபின், கொதிகலங்களும் அழுத்தக் கலங்களும் செய்யும் ஒரு பெருந்தொழிற்சாலையில் எமக்குப் பரிசோதகர் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. வந்திறங்கும் உருக்குத் தகடுகளின் உள்ளே குறையுண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்லுவதே எம் கடமை. வேலையேற்ற முதல் நாளன்று, "கெட்டியான தகட்டின் உள்ளே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று யாமே கேட்டோம். அப்படி எண்ணுவோர்க்காகத் தகடு பிறக்கும் வகையைச் சிறிது கூறுவோம்.

நெய்யை உருக்கிக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவிட்டால் அது விளிம்பிலிருந்து உறைந்துகொண்டே வந்து, கடைசியில் நடுவில் ஒரு குழி விழுவதை இல்லங்களிற் காணலாம். முதலில் உறைந்த பகுதி சுருங்கி நிற்க, கடைசியில் உறையும் நடுப்பகுதிக்கு நெய் போதாமற் போவதே அக்குழிக்குக் காரணம். உருகிய உருக்கை அச்சில் வார்த்துப் பாளமாக்கும்போதும் நிகழ்வது அதுவே. பாளத்தின் தலைப்பக்கத்தில் உள்ளோடிய பொந்து ஒன்று உண்டாகின்றது. தலையைப் போதிய அளவு வெட்டியெறிந்துவிட்டால் தீங்கில்லை. வெட்டுந்தோறும் எடை குறைகிறதே, பணம் போகிறதே என்று சிறிது குறைத்து வெட்டினால் பொந்தின் அடி உள்ளேயே தங்கிவிடும். பொந்தின் சுவரிற் காற்றுப் பட்டுக் கருமை படிந்திருக்குமாயின், செந்தழலாகக் காய்ச்சி உருளைகளுக்கிடையே எத்துணை நசுக்கினும் அச்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பூரிக்கு மாவு தேய்க்கும்போது நடுவே சிறிது உலர்மாவு அகப்பட்டுக்கொண்டால் தேய்க்கத் தேய்க்க அது மறையாமல் பரந்து, மாவை இரண்டு ஏடாகப் பிரிப்பது போல, அப்பொந்தும் பரந்து தகட்டை உள்ளே இரண்டாக்கி விடுகின்றது. இதனைத் தொழிற்சாலையில் லாமினேஷன் என்பார்கள். ஏடுபிரிவு என்று யாம் சொல்லுவோம்.

வேறொரு வழியும் உண்டு. உருக்கில் எஞ்சிய கந்தகம் மாங்கனீசோடு கூடி ஒரு மாசாகின்றது. உருட்டும் சூட்டில் அம்மாசு மிருதுவாயிருத்தலின், தகட்டோடு தானும் நீண்டு மெல்லிய இழைகளாகவும் இலைகளாகவும் படுத்துக்கொள்ளுகின்றது. இக்காலத்தில் உருக்கு பெரும்பாலும் தொடர் வார்ப்பு முறையில் வார்க்கப்படுவதால் பழைய பொந்து அரிதாயிற்று. ஆனால் கடைசியில் உறையும் நடுப்பகுதியில் மாசுகள் வந்து கூடும் வழக்கம் அற்றுப்போகவில்லை.

இவ்வேடுபிரிவின் இயல்பை நன்கு உணர்தல் வேண்டும். பனையோலைச் சுவடி ஒன்றை இருபுறமும் பிடித்து நீளவாட்டில் இழுத்துப் பாருங்கள். எல்லா ஏடுகளும் சேர்ந்து தாங்கும். மேலேட்டை மட்டும் பற்றித் தூக்குங்கள். அது தனியே கையோடு வந்துவிடும். தகடும் அவ்வாறே. நீளவாட்டில் மட்டும் இழுபடும் இடத்தில் உள்ளே ஓர் ஏடுபிரிவு இருப்பினும் ஆயுள் முழுவதும் உழைத்துவிடும். அதே தகட்டின் முகத்தில் வேறொரு பாகத்தைப் பற்றவைத்து, அப்பாகம் தகட்டை மேல்நோக்கி இழுக்குமாறு செய்தால், அன்றே அது பிளக்கும். ஆகவே ஒரு தகடு நல்லதா கெட்டதா என்று பொதுவிற் கேட்பது பயனற்ற கேள்வி. எங்கே, எத்திசையில் இழுபடப் போகிறது என்பதைச் சேர்த்துக் கேட்டாலன்றி விடையில்லை.

இனி, காண்பது எவ்வாறு? 1895-இல் ராண்ட்கன் என்பார் கண்ட எக்ஸ் கதிர் எதையும் ஊடுருவுமே, அதனைக் கொண்டு பார்க்கலாகாதா என்று மாணாக்கர் கேட்பர். கதிர் வழியில் உலோகம் எங்குக் குறைகிறதோ அங்கே படம் கறுக்கும். தகட்டுக்கு இணையாகப் படுத்துக்கிடக்கும் ஏடுபிரிவோ தலைமயிரினும் மெல்லியது. கதிருக்கு அஃது இருந்தும் இல்லாதது போலவே. எலும்பு முறிவைக் காட்டும் கதிர் இதனைக் காட்டாது. மீண்டும் பானைக்காரியின் வழிக்கே வரவேண்டியிருக்கின்றது.

தட்டிக் கேட்கும் வித்தைக்குப் பெருமை உண்டு. ஆஸ்திரியா தேசத்து வைத்தியர் ஆவன்பிருக்கர் 1761-இல் நோயாளியின் மார்பைத் தட்டி உள்ளே நீர் கோத்திருப்பதை அறியும் முறையை வெளியிட்டார். அவர் விடுதிக்காரர் ஒருவரின் மகன். தந்தையார் மதுப்பீப்பாய்களைத் தட்டி நிறைவு குறைவு பார்த்ததிலிருந்தே அவ்வெண்ணம் தோன்றியது என்று கூறுவர். ரயில் நிலையங்களில் வண்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு செல்வோர் செய்ததும் இதுவே. ஆனால் கனத்த தகட்டின் நடுவில் உள்ளங்கையளவு கிடக்கும் குறையைச் செவி அறியாது. அதற்குச் செவிக்கு எட்டாத நுண்ணிய ஒலி வேண்டும். 1928-இல் ருஷிய தேசத்துச் சொகலோவ் அவ்வொலியை உலோகத்துள் செலுத்திக் குறை காணலாம் என்றார். அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பயர்ஸ்டோன் என்பார், ஒலித்துடிப்பை அனுப்பி அதன் எதிரொலியை அளக்கும் கருவிக்கு 1940-இல் உரிமைப்பத்திரம் கோரினார். யாம் தோளில் சுமந்து திரிந்த கருவி அதன் வழித்தோன்றலே.

குற்றாலத்தில் மலைக்கெதிரே நின்று கூவினால் சிறிது நேரம் கழித்து நம் குரலே திரும்பி வருகின்றதல்லவா? மலை எட்ட இருந்தால் தாமதிக்கும். கிட்ட இருந்தால் விரைந்து வரும். தகட்டின் முகத்தில் எண்ணெய் தடவி, நாணயத்தினும் சற்றுப் பெரிய புரோப் என்னும் உறுப்பை வைத்தால், அதனுள் இருக்கும் சில்லு வினாடிக்கு இருபது லட்சம் முறைக்கு மேல் அதிர்ந்து ஓர் ஒலித்துடிப்பை உள்ளே விடுகின்றது. எண்ணெய் எதற்கெனில், இடையில் சிறிது காற்று இருந்தாலும் ஒலி உள்ளே நுழையாது. உருக்கில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் ஓடும். 40 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டின் அடிவரை சென்று மீள அதற்கு வேண்டுவது ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறு செய்தால் அதில் 14 கூறுக்கும் குறைவே. திரும்பிய ஒலி, கருவியின் பச்சைத் திரையில் ஒரு கூர்முனையாக எழுந்து நிற்கும். ஏடுபிரிவு இருந்தால், அதனுள் சிக்கிய காற்றில் ஒலி முட்டிப் பாதி வழியிலேயே திரும்பிவிடும். திரையில் இருக்கவேண்டிய இடத்து முனை மறைந்து, பாதித் தூரத்தில் புது முனை முளைக்கும். காற்று உள்ளே விடாத அதே குணமே குறையைக் காட்டிக்கொடுக்கவும் செய்கின்றது என்பதில் எமக்கு என்றும் ஒரு வியப்பு உண்டு.

1984-ஆம் ஆண்டு சித்திரை மாதம். 6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 40 மில்லிமீட்டர் கனமும் உடைய தகடு ஒன்று வெளிமுற்றத்தில் கிடந்தது. நிறை நான்கு டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதனை உருளையாக வளைத்து அழுத்தக் கலத்தின் உடலாக்கவேண்டும். சாதாரண விதிப்படி, தகட்டின்மேல் 225 மில்லிமீட்டருக்கு ஒரு கோடாகச் சாக்கட்டியாற் கட்டம் கிழித்து, அக்கோடுகளின்மேல் மட்டும் புரோப்பை ஓட்டினால் போதும். அடியொலி முற்றிலும் மறையும் இடம் 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துள் அடங்கிவிட்டால் இக்கனமுள்ள தகடு தள்ளப்படாது. கோடுகளுக்கு இடையில் இருப்பது இருக்கட்டும் என்று விதியே விட்டுவிடுகின்றது. நீளவாட்டு இழுப்புக்கு அது போதும். ஆனால் எம்மிடம் இருந்த வரைபடத்தின் இரண்டாம் தாளில், குழாய் பற்றவைப்பதற்குத் திறப்பு வெட்டும் இடத்தைச் சுற்றி ஓரங்குலமும் விடாமல் முழுமையும் சோதிக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. அங்கேதான் இழுப்பின் திசை மாறுகின்றது.

பிற்பகல் மூன்று மணி. தகட்டின்மேல் கைவைக்க முடியவில்லை. தடவிய எண்ணெய் நீராய் இளகி ஓடிற்று. கட்டக் கோடுகளை ஒருவாறு முடித்தோம். அப்பொழுது போர்மன் வந்து, "கிரேன் காத்திருக்கிறது, சார். இன்றைக்கு விட்டால் மூன்று நாளைக்குக் கிடைக்காது" என்றார். அவர் கூறியது உண்மையே. திறப்பு வரும் இடத்தின் வழியே எமது கோடுகள் இரண்டு சென்றிருந்தன, இரண்டிலும் குறையில்லை. இடையில் மட்டும் என்ன இருந்துவிடப் போகிறது என்று எண்ணினோம். அறிக்கைத் தாளில், "திறப்புப் பகுதி முழுவதும் சோதிக்கப்பட்டது, குறையில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டோம். கையெழுத்திடும்போது எமது கை சிறிதும் நடுங்கவில்லை. இப்பொழுது நினைக்கும்போது அதுவே எமக்கு அச்சந் தருகின்றது.

ஆறு வாரம் சென்றது. தகடு உருளையாகி, நீளவாட்டுப் பற்றவைப்பும் முடிந்து, திறப்பு வெட்டும் நாள் வந்தது. வெட்டியவர் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்தவர். எம் ஊருக்கு அண்மையினர் ஆதலால் யாம் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். பள்ளியில் நான்காம் வகுப்புக்குமேற் படியாதவர். கேஸ் கட்டரை ஏந்தினால் எழுதுகோல் பிடித்தாற் போலக் கோடு விழும். அவர் பாதி வட்டம் வெட்டியிருந்தபோது தீயை அணைத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியை நெற்றியிலேற்றி எம்மை நோக்கிக் கைகாட்டினார். அருகிற் சென்றோம்.

"தம்பி, பிளேட்டு ரெண்டாய்ப் பேசுகிறதே. இது நீங்கள் பார்த்ததுதானா?"

அவர் கூறியதன் பொருள் யாதெனில்: பழுத்த இரும்பின்மேல் பிராணவாயு பாய, இரும்பு எரிந்து கீழ்வழியே பொறியாய்க் கொட்டுவதே இவ்வெட்டின் முறை. நடுவில் இடைவெளி இருந்தால் வாயு பக்கவாட்டில் சிதறும். கீழேடு போதிய அளவு சூடேறாமல் வெட்டுப்படாது நிற்கும். பொறிகள் கீழே கொட்டாமல் முகத்துக்கு நேரே திரும்பியடிக்கும். சீறல் ஒலியும் மாறும். எமது கருவி பச்சைத் திரையிற் காட்டவேண்டியதை அவர் தம் செவியினாலும் கன்னத்திற்பட்ட பொறியினாலும் அறிந்துகொண்டார். யாம் குனிந்து பார்த்தோம். வெட்டிய சுவரில் சரிபாதி ஆழத்தில், பேனாவால் இழுத்தாற்போன்ற கருங்கோடு ஒன்று ஓடிற்று.

கருவியைக் கொணர்ந்து சுற்றிலும் சோதித்துச் சாக்கட்டியால் எல்லை வரைந்தோம். வெட்டின் ஓரத்திலிருந்து வெளிப்புறமாக 60 மில்லிமீட்டரும், ஓரத்தையொட்டி 180 மில்லிமீட்டரும் பரந்திருந்தது. ஆறு வாரத்துக்குமுன் யாம் ஓட்டிய கோடு அதனை இரண்டு விரற்கடை தூரத்தில் விலகிச் சென்றிருந்தது.

உடன் வேலைசெய்த நண்பர் ஒருவர் எமது தோளைத் தொட்டு, "கவலை எதற்கு? வளைத்தபோதோ வெட்டின் சூட்டிலோ விரிந்தது என்று எழுதிவிடுங்கள்; யார் இல்லையென்பார்?" என்றார். அவர் எமது நன்மையையே நாடினார். வளைப்பதாலும் சூட்டாலும் சிறு ஏடுபிரிவு பெரிதாவதுண்டு. ஆகவே அது முழுப்பொய்யும் அன்று. அன்றிரவு நாங்கள் தங்கிய விடுதியில் உறக்கம் வரவில்லை. கண்ணாடிக் குழாயும் 410 என்ற எண்ணும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த ஆசிரியரின் விழிகளும் மாறி மாறித் தோன்றின. விடிந்ததும் எமது மேலதிகாரியின் அறைக்குச் சென்று, முழுமையும் சோதியாமலே சோதித்ததாக எழுதினோம் என்று உரைத்தோம்.

அவர் வெகுண்டு பேசுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ அறிக்கையை எடுத்துப் படித்துவிட்டு, "இப்படி எத்தனைத் தகட்டில் எழுதினீர்?" என்று மட்டும் கேட்டார்.

"இது ஒன்றில்தான், ஐயா."

"அதை நான் எதைக்கொண்டு நம்புவது?"

இவ்வினாவுக்கு எம்மிடம் விடையில்லை. அம்மாதத்தில் யாம் கையெழுத்திட்ட தகடுகள் பதினொன்று. அவ்வளவையும் வேலைநேரம் முடிந்தபின் மீண்டும் சோதிக்குமாறு அவர் பணித்தார். அவற்றுட் சில வளைக்கப்பட்டுக் கூடத்தில் நின்றன. சில இன்னும் முற்றத்திற் கிடந்தன. ஒன்பது மாலைப்பொழுதுகள் சென்றன. அண்ணாச்சி இரண்டு நாள் தாமாகவே வந்து எமக்காக எண்ணெய்க்கலம் ஏந்தி நின்றார். ஒரு தகட்டில் மட்டும் விதிக்கு உட்பட்ட சிறுபுள்ளி ஒன்று கண்டது, ஏனையவை நன்று. அவ்வாண்டு எமக்கு ஊதிய உயர்வு கிட்டவில்லை. அது முறையே.

அந்நாட்களில் ஒரு மாலை மேலதிகாரி தம் மேசையறையிலிருந்து ஒரு விசாரணையின் சுருக்கத்தை எடுத்து எம்மிடம் நீட்டினார். 1980-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் தேதி நார்வே தேசத்தையடுத்த வடகடலில் அலெக்சாண்டர் கீலண்டு என்னும் மிதக்கும் மேடை கவிழ்ந்த வரலாறு அது. எண்ணெய்க் கிணறுகளில் உழைப்போர் தங்குவதற்கு அதனைப் பயன்படுத்தி வந்தனர். அன்று மேடையில் இருந்தோர் 212 பேர். மாண்டோர் 123 பேர். ஐந்து பெருந்தூண்கள்மேல் நின்ற அம்மேடையின் தூண்களைப் பிணித்த குழாய்களுள் ஒன்றில், கடலடி ஒலியைக் கேட்கும் கருவி ஒன்றைத் தாங்கச் சிறு குழல் ஒன்றைத் துளையிட்டுப் பொருத்திப் பற்றவைத்திருந்தனர். பெரிய பாரம் எதையும் தாங்காத துணைப்பாகம் என்பதால் அதனைப் பெரிதாக எவரும் கருதவில்லை. அக்குழல் செய்த தகடு, கனத்தின் திசையில் இழுப்பைத் தாங்கும் வலிமை குன்றியது. பற்றவைப்பு ஆறிச் சுருங்கியபோது அத்தகடு ஏடு ஏடாகக் கிழிந்தது. பற்றவைப்பிலும் வெடிப்பு விழுந்தது. அலைகள் ஓயாது அசைக்க, வெடிப்பு அங்கிருந்து பெருங்குழாயிற் பரவி அதனை முறித்தது. ஒன்று முறியவே பாரம் ஏறிப் பிற பிணைப்புகளும் முறிந்து, ஒரு தூண் முழுவதும் கழன்றது. ஏறக்குறைய இருபது நிமிஷத்தில் மேடை தலைகீழாயிற்று.

இவற்றுள் எம் நெஞ்சைத் தைத்தது வேறொரு செய்தி. முறிந்த முகத்தின் ஒரு பகுதியில் வர்ணப்பூச்சு காணப்பட்டதாம். அதாவது, கட்டுந்துறையில் அம்மேடைக்கு வர்ணம் பூசும்போதே வெடிப்பு அங்கிருந்தது. பூசிய வர்ணம் அதனுள் இறங்கியிருந்தது. மேடையை உரியவரிடம் ஒப்படைத்தது 1976-இல். வெடிப்பின்மேல் தூரிகை ஓட்டியவர் யாரோ, அதற்குமுன் அவ்விடத்தைப் பார்த்தவர் யாரோ, பாராமற் போனவர் யாரோ. யாம் அத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது மேலதிகாரி ஒன்றும் கூறவில்லை. வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

இனி, எமது கலத்தைச் செப்பனிட்ட வகையைக் கூறுவோம். தகட்டையே மாற்றிவிடலாம் என்பது ஒரு கட்சி. ஆனால் உருளை முடிந்துவிட்டது, அத்தகைய தகடு மீண்டும் வரப் பல மாதங்கள் செல்லும். குறையைத் தோண்டியெடுத்துப் பற்றவைப்பால் நிரப்பலாம் என்பது மற்றொரு கட்சி. கலத்தை வாங்குவோரின் பரிசோதகர் வந்து, எல்லைக் கோட்டைப் பார்த்து, தோண்டி நிரப்ப இசைந்தார். விளிம்பில் மட்டும் பற்றவைத்து மூடிவிடலாகாதா என்று ஒருவர் கேட்டார். வெளியே நீர் புகாமற் காக்கும் இடங்களுக்கு அது போதும். இங்கோ குழாய் இழுக்கும். மேலே மூடிய பிளவு உள்ளே பிளவாகவே இருக்கும்.

கலத்தின் உட்புறத்திலிருந்து கரித்தண்டு வில்லால் உருக்கிக் காற்றால் ஊதித் தள்ளும் கவுஜிங் முறையில் தகட்டின் பாதிக்கனம் வரை தோண்டினார்கள். பின்னர் கிரைண்டரால் தேய்த்து வெள்ளிபோல் மின்னும் உலோகம் வெளிப்படச் செய்தனர். யாம் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். கருங்கோடு எங்கும் இல்லை. அனைவரும் நிம்மதியடைந்தனர். இங்கேதான் கண் ஏமாறும். கிரைண்டர் தேய்க்கும்போது உலோகம் சிறிது இழுபட்டுப் பிளவின் வாயைப் பூசி மெழுகிவிடுகின்றது. ஆகவே மேலும் மெல்லெனத் தேய்த்தபின் சிவப்புச் சாயத்தைப் பூசிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெண்பொடி தூவிக் காத்திருந்தோம். சில நிமிஷம் வெண்மையாகவே இருந்தது. பிறகு பள்ளத்தின் கோடியில், வெட்டுக்காயத்தில் இரத்தம் கசிவதுபோல் ஒரு செங்கோடு மெல்ல எழுந்தது. மீண்டும் தோண்டினோம். இரண்டாம் முறையும் எழுந்தது, முன்னினும் குறுகி. மூன்றாம் முறை வெண்பொடி வெண்பொடியாகவே நின்றது. அதன்பின்னும், பள்ளத்தைச் சூழ்ந்த தகட்டைக் கருவியால் விரற்கடை விரற்கடையாகச் சோதித்து முடிக்கும்வரை எலெக்ட்ரோடைத் தொட யாம் எவரையும் விடவில்லை. பிளவின் நுனி சிறிதளவு எஞ்சினாலும், நிரப்பும் உலோகம் ஆறிச் சுருங்கும்போது அதனைப் பற்றி இழுத்து மேலும் பிரித்துவிடும், மருந்தே நோயாகும்.

நிரப்புவதிலும் எச்சரிக்கை பல. எலெக்ட்ரோடின் மேற்பூச்சு ஈரத்தை உறிஞ்சியிருந்தால், அதிலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் உருக்குள் நுழைந்து, ஆறிய பின்னர், சிலவேளை மறுநாள்கூட, வெடிப்பை உண்டாக்கும். ஆதலின் அவற்றை முந்நூறு பாகைக்குமேற் சூடான அடுப்பில் உலர்த்திச் சூடு ஆறாமல் எடுத்துக் கொடுத்தனர். தகட்டையும் கையாற் பொறுக்கலாகாத சூட்டில் வைத்திருந்தனர். ஒரே இடத்திற் குவிக்காமல், பள்ளத்தின் சுவர்களில் முதலில் மெல்லிய படலமாகப் பூசி, பிறகு சிறு சிறு வரிகளாக நடுவை நிரப்பினர். முடிந்ததும் கல்நார்ப் போர்வையால் மூடி மெல்ல ஆறவிட்டனர். கல்நாரின் தீமை பரவலாக அறியப்படாத காலம் அது. நாற்பத்தெட்டு மணி நேரம் சென்றபின்னரே யாம் மீண்டும் எண்ணெய் தடவினோம். அடியொலி முனை திரையில் தன்னிடத்தில் அசையாது நின்றது. புரோப்பை ஒருமுறை ஓட்டினோம். பிறகு குறுக்காக ஒருமுறை ஓட்டினோம். மறுநாள் எவரும் கேளாமலே மூன்றாம் முறையும் ஓட்டினோம்.

பின்னர் அக்கலத்தில் நீர் நிரப்பி, அது தொழிலில் தாங்கவேண்டிய அழுத்தத்தினும் மிகுந்த அழுத்தம் ஏற்றிச் சோதித்தார்கள். அளவுமுள் இறங்காமல் நின்ற அந்த அரைமணி நேரமும் யாம் அதன் அருகிலேயே நின்றோம். கலம் லாரியேறிச் சென்றது.

இன்று நிலை பலவாறு மாறிவிட்டது. உருகிய உருக்கிலிருந்து கந்தகத்தை மிகமிகக் குறைத்து, சுண்ணாம்பின் மூலப்பொருளாகிய கால்சியத்தைச் சேர்த்து, எஞ்சும் மாசு இலையாக நீளாமல் கடுகுபோல் உருண்டு நிற்கச் செய்கின்றனர். வெற்றிடத்தில் வைத்து வாயுக்களை உறிஞ்சுகின்றனர். கனத்தின் திசையில் இழுத்துச் சோதித்துத் தரம் குறித்த தகடுகள் தனியே விற்கப்படுகின்றன. ஆலையிலேயே பல புரோப்புகள் வரிசையாக நின்று தகடு முழுவதையும் ஒரே ஓட்டத்தில் சோதிக்கும் யந்திரங்களும் உண்டு. அவற்றின் பதிவை அழிப்பதும் ஊகித்து எழுதுவதும் எளிதன்று. எம்மைப்போன்ற இளைஞர்க்கு அது நல்ல பாதுகாப்பு என்றே யாம் கருதுகிறோம்.

வெட்டியெடுத்த வட்டத் துண்டை அண்ணாச்சி கழிவிரும்பில் எறியாமல் விளிம்பைத் தேய்த்து எம்மிடம் கொடுத்தார். "வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, உங்கள் கையெழுத்துப் போட்ட பிளேட்டு" என்றார். அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எமக்கு நிச்சயமில்லை. தூக்க இருவர் வேண்டிய அத்துண்டைப் பின்னர் அறுத்து, கருங்கோடு ஓடும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டோம். பல ஆண்டுகள் எமது மேசைமேல் காகிதங்களை அழுத்திக் கிடந்தது. ஓய்வுபெற்றபின் நமது கல்லூரிப் பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு அதனை அளித்துவிட்டோம். இசைக்கவைகள் வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றது. மாணாக்கர் எவரேனும் அதனை எடுத்துத் தட்டிப் பார்ப்பாராயின், கோடு உள்ள பக்கமும் இல்லாத பக்கமும் ஒன்றுபோலவே ஒலிக்கக் கேட்பர். யாம் பலமுறை தட்டிப் பார்த்திருக்கிறோம்.